சிறப்பாசிரியர் பள்ளியிலேயே இருக்க வேண்டும்

மாண்புமிகு பள்ளிக் கல்வித்துறை அமைச்சர் அவர்களுக்கும் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

தாம்பரத்தை ஒட்டிய ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அதற்கு முன் என் வகுப்பறையைக் கொஞ்சம் காட்டிவிடுகிறேன்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தப்பட்டவள். காது கேட்கிறது, ஆனால் எல்லாமே சேர்ந்து கேட்கிறது. மின்விசிறி, பெஞ்சு இழுபடுவது, பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு, மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானம் என எல்லாவற்றுக்கும் நடுவில் என் குரலை அவள் தேடிப் பிடிக்க வேண்டும். விமானம் போகும்வரை நான் பேச்சை நிறுத்திவிடுவேன். மற்ற பிள்ளைகளும் காத்திருக்கப் பழகிவிட்டார்கள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசுவதில்லை. ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்பதும் இல்லை, வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் என் உதடு அவளுக்குத் தெரியாது. இதற்கெல்லாம் ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் 'ச'வும் 'த'வும் அவள் வாயில் குழம்பும்போது எந்தப் பயிற்சியிலிருந்து தொடங்குவது? அதற்கென்று படித்தவருக்குத்தான் அது தெரியும்.

அவளுக்குப் பக்கத்தில் ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன். நடு ஆண்டில் சேர்ந்தான், பல நாள் வாயே திறக்கவில்லை. புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து எண்ணச் சொன்னேன். ஏக, துயி, தினி, சாரி, பாஞ்ச என்று கடகடவென்று போனான். கணக்கு அவனுக்கு வருகிறது. தமிழ்தான் இன்னும் வரவில்லை. மறுநாள் வகுப்பு முழுக்க இரண்டு மொழியிலும் எண்ணியது. மாநில அரசின் 'எண்ணும் எழுத்தும்' மதிப்பீட்டில் அவன் 'அரும்பு', அதாவது தொடக்க நிலை. 2022இல் வந்த அந்தத் திட்டத்தை நான் மதிக்கிறேன், நிலைக்கேற்பக் கற்பிப்பது சரியான முறை. ஆனால் அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிவு நாள் முழுக்க உட்காரும் இடமாகிவிடக் கூடாது. கதை நேரத்திலும் கணக்கு விளையாட்டிலும் எல்லாரையும் கலந்துதான் உட்கார வைக்கிறேன்.

ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் கற்கட்டும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007இல் மாநிலம் முழுக்க வந்தது. பாயில் உட்கார்ந்த பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் சுவரோடு கரும்பலகை அடித்தார்கள். அதை இன்றும் பயன்படுத்துகிறேன். பெஞ்சில் உட்கார்ந்தால் தூங்கி வழியும் பிள்ளைகூட அந்தக் கீழ்ப்பலகையில் சாக்பீஸோடு உற்சாகமாக எழுதும்.

இனி கேட்க வந்தது. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள்வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்கிறோம். எமிஸ் இணையதளத்தில் தகவல் பதிவதும் எங்கள் தலையில்தான். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் வட்டார வள மையத்திலிருந்து வருகிறார். அவர் அக்கறையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு இன்னும் பல பள்ளிகள், வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகள் வேறு. தொகுப்பூதியம், அடுத்த ஆண்டு வேலை உண்டா என்ற கவலை. அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை நான் பாதி புரிந்துகொள்வதற்குள் அடுத்த பள்ளிக்குப் பேருந்து ஏற வேண்டியிருக்கிறது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அவை உள்ள பிள்ளைகளும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் படிக்க வழி செய்யச் சொல்கிறது. தொடக்கநிலையில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணியிடங்களை அறிவித்து நிரப்புங்கள், இப்போது ஒப்பந்தத்தில் இருப்பவர்களின் தகுதியைப் பரிசீலியுங்கள் என்று 2025 மார்ச்சில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றியப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக, 2024-25ஆம் ஆண்டுக்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. சிறப்பாசிரியர்களின் ஊதியமும் அந்தத் திட்டத்தில்தான் இருக்கிறது. காது கேளாத குழந்தையின் பயிற்சியை ஓர் ஒப்பந்தத்துக்குப் பிணையாக வைத்தது பெரும் அநீதி என்று டெல்லியில் இருப்பவர்களுக்கும் இந்த மடல் வழியே சொல்கிறேன். அதனால்தான் இந்தப் பணியிடங்கள் திட்ட நிதியை நம்பி இருக்கக் கூடாது. மாநிலத்தின் நிரந்தரப் பணியிடங்களாக வேண்டும்.

ஆளுக்கும் பஞ்சமில்லை. இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், முட்டுக்காட்டில் பன்முகக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. அங்கே சிறப்புக் கல்வி படித்துவிட்டு இளைஞர்கள் வெளியே வருகிறார்கள்.

புனித தோமையார்மலை, காட்டாங்கொளத்தூர் ஒன்றியங்களுக்கும் தாம்பரம் மாநகராட்சி எல்லைக்கும் எத்தனை சிறப்பாசிரியர் பணியிடங்கள், எந்தத் தேதிக்குள் நிரப்பப்படும் என்பதை அரசாணையாக வெளியிடுங்கள். பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் உழைத்தவர்களை முதலில் எடுங்கள். பெரும்பாக்கம், செம்மஞ்சேரி மறுகுடியமர்வுப் பகுதிப் பள்ளிகளுக்கு முன்னுரிமை கொடுங்கள்; நகரத்துக்குள் இருந்த சிகிச்சை மையங்களை விட்டுத் தொலைவுக்கு வந்துவிட்ட குடும்பங்கள் அங்கேதான் இருக்கின்றன.

இப்படிக்கு,
தாம்பரம் வட்டாரத் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருத்தி