தாய்மொழி மறந்துபோச்சா... இல்ல பந்தாவா? வேலைக்காக ஊர் மாறியவர்களுக்கு நடப்பது என்ன?

"அது பேரு என்ன... வாய்லயே இருக்கு, வரமாட்டேங்குது." பத்து வருஷம் வெளியூரில் இருந்துவிட்டு வந்தவர் சொந்த மொழியில் இப்படித் திணறினால், 'ரொம்பத்தான் பந்தா' என்று கிண்டல் பண்ணுவோம். பெரும்பாலும் அது பந்தா இல்லை. மொழியியலில் இதை மொழித் தேய்வு என்கிறார்கள்.

ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தெருவிலேயே கேட்கும். கிருஷ்ணகிரி எம்.பி. கோபிநாத் 2024-ல் தெலுங்கில் பதவியேற்றது நினைவிருக்கலாம். சிப்காட் ஆலைகளுக்கு வரும் வடமாநிலத் தொழிலாளர்களின் மொழிகளும் இப்போது சேர்ந்துவிட்டன. 2022-ல் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை வேலைக்காக ராஞ்சி, ஹசாரிபாக் பக்கமிருந்து பழங்குடிப் பெண்கள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள்.

மறப்பது எது?

பெரியவர்களுக்கு இலக்கணம் லேசில் போகாது. தடுமாறுவது சொல்லில்தான். அதுவும் சோறு, தண்ணி இல்லை. முறம், நாற்றங்கால், ஓர்ப்படி மாதிரி தினமும் வாயில் புழங்காதவை. சொல் அழிந்துவிடுவதில்லை, இன்னொரு மொழியின் சொல் முந்திக்கொள்கிறது. அத்திப்பள்ளி தாண்டி தினமும் பெங்களூரு போய்வருகிறவருக்கு 'சீக்கிரம்' வருவதற்குள் கன்னட 'பேக' வந்து நிற்கிற மாதிரி.

ஸ்பெயினில் தங்கிப் படித்த அமெரிக்க மாணவர்களை வைத்து 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. அங்கே இருந்தபோது அவர்களுக்குத் தாய்மொழியான ஆங்கிலச் சொற்களே குறைவாகத்தான் வந்தன. ஊர் திரும்பி 6 மாதம் கழித்துக் கேட்டால், பழையபடி வந்தன.

மனசுக்கும் பங்கு உண்டு. ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டு ஓடிய யூதர்களை மொழியியலாளர் மோனிகா ஷ்மிட் ஆராய்ந்தார். 1938 நவம்பர் வன்முறைக்குப் பிறகு தப்பியவர்களிடம்தான் ஜெர்மன் அதிகம் தேய்ந்திருந்தது. அவமானத்தோடு ஒட்டிக்கொண்ட மொழியை நாக்கு ஒதுக்கிவிடுகிறது. அதனால் நம்ம கிண்டலும் சும்மா விளையாட்டு இல்லை.

போனில் பேசினால் போதாதா?

உதவும். ஆனால் தினமும் பேசுவது 'சாப்பிட்டியா, பணம் வந்துச்சா' என்ற பத்து வாக்கியம்தானே? வயலும் திருவிழாவும் போன் பேச்சில் வருவதில்லை, அந்தச் சொற்களும்தான்.

ராஞ்சி வட்டாரத்தில் முண்டாரியும் குருக்கும் பேசப்படுகின்றன. குருக், தமிழின் தூரத்துச் சொந்தம். அதுவும் திராவிட மொழிதான். பல ஊர்க்காரர்கள் தங்கும் ஹாஸ்டலில் பொதுமொழி இந்தி. ஆக, தமிழ்நாட்டுக்கு வந்த ஒருவரின் குருக்கைத் தள்ளிவிடுவது தமிழைவிட இந்தியாகவே இருக்கும்.

வளர்ந்தபிறகு வந்தவர்கள் ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்தால் சொற்கள் திரும்பிவிட வாய்ப்பு அதிகம். குழந்தைகள் கதை வேறு. 3 முதல் 8 வயதுக்குள் பிரான்ஸுக்குத் தத்துப்போன கொரியக் குழந்தைகளை, அவர்கள் பெரியவர்களான பிறகு பரிசோதித்த முடிவு 2003-ல் வெளிவந்தது. கொரிய வாக்கியத்தைக் கேட்டு, அது கொரியமொழி என்றுகூட அவர்களால் அடையாளம் சொல்ல முடியவில்லை.