செப்பேடும் செம்புக் கம்பியும்

எலெக்ட்ரீஷியன் வேலை செய்கிறவர் என்ன புத்தகம் வாங்க வேண்டும்? கடைக்காரரிடம் கேட்கிற சாதாரணக் கேள்வி போலத்தான் தெரியும். ஆனால் கேட்பவர் யார் என்று பாருங்கள். பாகூர் கொம்யூனில் சோரியாங்குப்பம் போன்ற ஊர்களின் காலனித் தெருவில் இருந்து போய், ஏழெட்டு வருஷம் யாரோ ஒரு ஒப்பந்தக்காரரிடம் ஹெல்பராகச் சுவர் வெட்டி, பைப் பதித்து, ஒயர் இழுத்த இளைஞர் கேட்கிறார். சான்றிதழ் வாங்கி, சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பதற்காகக் கேட்கிறார். அப்போது இது புத்தகக் கேள்வி மட்டுமல்ல, சாதிக் கேள்வியும் கூட.

பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளைத் தவிர, எந்த ஒயரிங் வேலையையும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் எடுக்க வேண்டும், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில்தான் அது நடக்க வேண்டும் என்கிறது சட்டம். உயிர் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் அதில் நியாயம் உண்டு. நடப்பது வேறு. ஏணியில் ஏறுபவர் ஒருவர், சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர். கையெழுத்துக்கு உரியவர் பல நேரம் வேலை நடந்த வீட்டையே பார்த்திருக்க மாட்டார். ஷாக் அடித்தால் விழுபவர் ஏணியில் இருப்பவர். ஏணியில் யார், கையெழுத்தில் யார் என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்துப் பாருங்கள். சாதி எங்கே நிற்கிறது என்பது தெரியும்.

படிப்பு ஒரு பக்கம், பாடு ஒரு பக்கம் என்ற இந்தப் பிரிவினை பாகூர் மண்ணுக்குப் புதிதல்ல. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாகூர்ச் செப்பேடு, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தது. 3 ஊர்களின் வருவாய் பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது வேதமும் சாத்திரமும் படிக்கும் வடமொழிக் கல்விக்கூடத்துக்கு எழுதி வைக்கப்பட்டதை அது சொல்கிறது. அந்த 3 ஊர்களில் சேற்றில் இறங்கியவர்களுக்கு அந்தக் கல்விக்கூடத்தில் இடம் இருந்ததாக ஒரு வரி கூட அதில் இல்லை. அன்று செம்பில் எழுதிய எழுத்து உழைப்பவனுக்கு எட்டவில்லை. இன்று செம்புக் கம்பியை இழுக்கிறவனுக்கு, அந்தக் கம்பியைப் பற்றிய எழுத்து எட்டவில்லை.

எனவே கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடுவோம்.

முதலில், வாங்கக் கூடாதவை. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளை வைத்துத் தயாரித்த பழைய கைடுகள் வேண்டாம். அந்த விதிகளின் இடத்தில் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2010இல் வந்தன. அவையும் 2023இல் புதிதாக மாற்றப்பட்டுவிட்டன. இணையத்தில் ‘என்.இ.சி.’ என்று தேடினால் முதலில் வந்து நிற்கும் தடித்த புத்தகம் அமெரிக்காவுடையது. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த அட்டவணைகளைப் பார்த்து இங்கே ஒயர் அளவு முடிவு செய்யக் கூடாது.

இனி, தேவையானவை. ஒன்று, மேலே சொன்ன 2023 ஒழுங்குமுறைகள். இது சட்டம், அரசிதழில் வெளியானது, ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு, ஐ.எஸ். 732. ஒயரிங் எப்படிச் செய்வது, எப்படிச் சோதிப்பது என்று சொல்லும் இந்தியத் தரம். 2019 பதிப்பைப் பாருங்கள். மூன்று, ஐ.எஸ். 3043. எர்த்திங்கிற்கானது, 2018 பதிப்பு. நான்காவது, இந்திய தேசிய மின் விதித்தொகுப்பு. 1985இல் முதலில் வந்து, 2011இலும் 2023இலும் திருத்தப்பட்டது. வீடு, தொழிற்சாலை, விவசாயப் பண்ணை, சூரிய மின்சாரம் என்று தனித்தனியாகப் பேசும் பெரிய நூல். அதைத் தொடக்கத்திலேயே வாங்கத் தேவையில்லை. முதல் மூன்றும் கைவந்த பிறகு நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பிரதி வைத்துக்கொண்டால் போதும்.

இவற்றுக்கு முன் அடிப்படை வேண்டும் என்பவர்களுக்கு, ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் பாடநூல்கள் தமிழிலேயே உண்டு. சென்னை கிண்டியில் உள்ள தேசியப் பயிற்று ஊடக நிறுவனம் வெளியிடுபவை அவை. அதிலிருந்து தொடங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல மெகர் வாங்குங்கள்.

ஐ.எஸ். தரங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன என்றால் பலர் நம்ப மாட்டார்கள். நம்பாததற்குக் காரணம் உண்டு. நீண்ட காலம் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அவற்றை விலைக்குத்தான் விற்றது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒன்றின் விலையே 13,000 ரூபாயைத் தாண்டி இருந்தது. மக்கள் உயிரைக் காக்கும் விதியை மக்களுக்கே விலைக்கு விற்பது என்ன நியாயம் என்று கேட்ட கார்ல் மலமூத், இந்தியத் தரங்களை இணையத்தில் ஏற்றினார். அவரும் ஸ்ரீநிவாஸ் கொடாலி, சுஷாந்த் சின்ஹா ஆகியோரும் 2015இல் டில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். இன்று அமைவனத்தின் தளத்தில் கணக்குத் தொடங்கினால் இந்தத் தரங்களைப் பைசா செலவில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். கேள்வி கேட்காமல் எந்தக் கதவும் திறந்ததில்லை.

ஒரு கதவு திறந்துவிட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு கதவு மூடியிருக்கிறது: மொழி. ஒழுங்குமுறைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அரசிதழில் இருக்கின்றன. ஐ.எஸ். 732ஐப் படிக்க ஆங்கிலம் வேண்டும். சாதாரண ஆங்கிலம் போதாது. ஒரு வாக்கியத்துக்குள் நான்கு நிபந்தனை வைக்கும் ஆங்கிலம் அது. வேதத்தைக் காதால் கேட்கக் கூடாது என்றார்கள் அன்று. இன்று யாரும் தடுக்கவில்லை, தாராளமாகப் படி என்கிறார்கள், உனக்குப் புரியாத மொழியில். புதுச்சேரியில் 1965ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ் ஆட்சிமொழி. அப்படியானால் புதுச்சேரித் தொழிலாளி எந்த விதிக்குக் கட்டுப்பட வேண்டுமோ அந்த விதியைத் தமிழில் தருவது அரசின் கடமை. சலுகை அல்ல.

இதையெல்லாம் படித்து என்ன ஆகப் போகிறது என்று கேட்பவர்கள் 2024 டிசம்பரை நினைத்துப் பார்க்கட்டும். ஃபெஞ்சல் புயலுக்குப் பின், சாத்தனூர் அணை நீரோடு தென்பெண்ணை பெருகி, கரையோரச் சோரியாங்குப்பம் உள்ளிட்ட பாகூர்ப் பகுதி ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. வெள்ளம் வடிந்த வீட்டில் மெயினைப் போடலாமா கூடாதா? ஈரம் காய்ந்துவிட்டது என்று கண் சொல்லும். 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்த்து, காப்புத்தடை 1 மெகா ஓம்முக்குக் கீழே இருந்தால் கரண்ட் கொடுக்கக் கூடாது என்று விதி சொல்லும். அந்த ஒரு வரி தெரிந்தவர் தெருவில் ஒருவர் இருந்தால், வெள்ளத்தில் தப்பித்தவர்கள் சுவிட்ச் போர்டில் சாக மாட்டார்கள்.

எர்த்திங்கும் அப்படித்தான். குழாய் எர்த்திங் என்றால் குழாய் 2.5 மீட்டராவது நீளம் இருக்க வேண்டும் என்கிறது தரம். அரசுத் திட்டத்தில் கட்டும் காலனி வீட்டில் ஒப்பந்ததாரர் ஒன்றரை அடிக் கம்பியைத் தரையில் செருகிவிட்டுப் பில் போட வந்தால், ‘எந்தத் தரப்படி இது சரி?’ என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஏன் போடவில்லை என்று கேட்க வேண்டும். கெஞ்சிக் கேட்பது வேறு, விதியைக் காட்டிக் கேட்பது வேறு.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. பொதுப்பணி மற்றும் மின்சாரத்துக்கான கொள்கைக் குழுவுக்கு 1943இல் அவர் தலைமை தாங்கினார். மலிவான மின்சாரம் இல்லாமல் தொழில்மயம் இல்லை, தொழில்மயம் இல்லாமல் ஏழைகளுக்கு விடிவு இல்லை என்பது அவருடைய வாதம். அவர் சிலையைச் சுற்றி சீரியல் லைட் கட்டுகிற நாம், அந்த லைட்டைக் கட்டும் தோழனின் சான்றிதழைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

எனவே அரசிடம் கேட்போம். ஒழுங்குமுறைகளையும் ஐ.எஸ். 732, 3043 இரண்டையும் தமிழில் வெளியிடு. கிராம நூலகங்கள் ஒவ்வொன்றிலும் அச்சிட்ட பிரதி வை. காலனிச் சமுதாயக் கூடங்களில் சான்றிதழ் தேர்வுக்கு மாலை வகுப்பு நடத்து.

அரசு செய்யும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. நமது படிப்பு வட்டங்கள் ‘சாதி ஒழிப்பு’ நூலை வரி வரியாகப் படித்து விவாதிக்கின்றன. அதே பாயில் உட்கார்ந்து வாரம் ஒரு மாலை ஐ.எஸ். 732ஐயும் விரிப்போம். ஆங்கிலம் தெரிந்தவர் வாசிக்கட்டும். கம்பி பிடித்தவர் அதற்குப் பொருள் சொல்லட்டும். ஒருவர் குறிப்பேட்டில் தமிழில் எழுதட்டும். அந்தக் குறிப்பேடு நிரம்பும் நாளில், எந்தப் புத்தகம் வாங்குவது என்று அடுத்து வரும் பையன் கேட்டால், கையில் கொடுக்க நம்மிடமே ஒன்று இருக்கும்.