மாணவர் பகுதி: கிண்டியில் ஒரு முதலாண்டு மாணவி

பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகள் தொடங்கும்போது நம் இல்லங்களில் ஒரு கவலையும் உடன் தொடங்குகிறது. மகனை அனுப்புங்கால் கட்டணத்தைப் பற்றியும் விடுதி உணவைப் பற்றியும் பேசுகிறோம். மகளை அனுப்புங்காலோ, “தொலைவில் தனியாக எப்படி இருப்பாள்?” என்பதே முதற்கேள்வி ஆகிறது. இக்கேள்வியை எள்ளுதலும் தகாது; இதன்பொருட்டுப் படிப்பை நிறுத்துதலும் தகாது. இதற்கு ஒரு தந்தை கண்ட விடையை இம்மாதம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

சென்னையில் தெலுங்கு பேசும் குடும்பமொன்றில் 1919-ஆம் ஆண்டு பிறந்தவர் அ. லலிதா. 15 வயதில் அவருக்கு மணம் நடந்தது. 18 வயதில், கைக்குழந்தைக்கு 4 மாதம் ஆகியிருக்கையில், கணவரை இழந்தார். கைம்பெண்ணை வீட்டின் மூலையில் இருத்திய காலம் அது. அவரோ இராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் பயின்று முதல் வகுப்பில் தேறினார். மருத்துவம் பயிலலாமா என எண்ணிப் பார்த்தார். இரவும் பகலும் அழைப்பு வரும் தொழில் குழந்தையை வளர்க்கும் தாய்க்கு ஒவ்வாதென அதை விலக்கினார். தந்தை பப்பு சுப்பா ராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியற் பேராசிரியர். வீட்டிற் கேட்டுப் பழகிய துறையையே மகளும் நாடினார்.

அக்கல்லூரியில் அதுவரை பெண் எவரும் பயின்றதில்லை. தந்தை முதல்வர் சாக்கோவிடம் எடுத்துரைத்தார். அரசுக் கல்வித்துறையின் இசைவும் கிடைத்தது. 1940-இல் லலிதா முதலாண்டு வகுப்பில் அமர்ந்தார். குழந்தை உறவினர் பராமரிப்பில் இருந்தது. வாரந்தோறும் சென்று கண்டுவந்தார். நூற்றுக்கணக்கான மாணவரிடையே அவர் ஒருவரே பெண். உடன் பயின்றோர் கண்ணியமாகவே நடந்துகொண்டனர். ஆயினும் அவருக்கென ஒதுக்கிய விடுதியில், மாலை வேளைகளில் ஒரு சொல் பேசவும் துணையில்லை.

“பொறுத்துக்கொள்” என்று தந்தை சொல்லவில்லை. “திரும்பி வந்துவிடு” என்றும் சொல்லவில்லை. பெண்களும் சேரலாம் என விளம்பரம் செய்வித்தார். லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்னும் இருவர் கட்டடப் பொறியியலில் வந்து சேர்ந்தனர். மூவரும் பட்டம் பெற்றபோது, அச்சிட்ட சான்றிதழில் ஆண்பாற் சொல்லை அடித்துப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதித் தர நேர்ந்ததாம்! திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். லலிதா கல்கத்தாவில் ஒரு மின்பொறி நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றி, பக்ரா நங்கல் அணையின் மின் பணிகளிலும் பங்குகொண்டார்.

இடம் கிடைப்பது ஒன்று. அவ்விடத்தில் மனம் ஊன்றி நிலைப்பது மற்றொன்று. 2018-ஆம் ஆண்டு முதல் ஐ.ஐ.டி.க்களில் பெண்களுக்கெனக் கூடுதல் இடங்கள் உண்டாக்கப்பட்டதற்கும் இக்கருத்து பொருந்தும். எண்ணிக்கை பெருகினால் தனிமை குறையும்.

ஆதலின், மகளைத் தொலைவூர்க் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர் மதிப்பெண்ணையும் துறையையும் மட்டும் ஆராய்ந்து அமைதல் போதாது. அவ்வூரில் நம்மவர் குடும்பம் உண்டா, அக்கல்லூரியில் மூத்த மாணவியர் எவரேனும் உளரா எனச் சங்கத்தில் விசாரியுங்கள். முன்னரே அங்குப் பயிலும் மகளை உடையவர்கள், புதிதாக வருபவளின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதலாண்டின் முதல் மாதத்தில் தேடி வரும் ஒரு தோழி, நாம் சொல்லும் நூறு அறிவுரைகளினும் மேலானவள்.