எலிக்கும் ஊட்டிவிடுங்கள்

வளர்ப்பு எலி நோயில் விழுந்தால் "எலிதானே, விடு" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. அதன் ஆயுளே இரண்டு, மூன்று வருடம்தான் என்றாலும் அப்படி விட்டுவிட முடியாது. மைக்கோபிளாஸ்மா கிருமி நுரையீரலைப் பிடித்தால் மூச்சு கரகரக்கும், முதுகு கூனிப்போகும், கண்ணோரமும் மூக்கோரமும் சிவப்பாகக் கசியும். பார்த்தால் ரத்தம் போலிருக்கும். ரத்தமல்ல, கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியிலிருந்து வரும் நிறமி. உடம்பு தாங்கவில்லை என்பதன் அடையாளம் அது. அப்போது தானாகத் தின்னாது, நாம்தான் ஊட்ட வேண்டும். வழக்கமான தீனியைப் பொடித்து வெதுவெதுப்பான நீரில் கூழாகக் கரைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சால் கடைவாய்ப் பக்கமாக ஒரு சொட்டு. அது விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. மல்லாக்கப் பிடிக்கக் கூடாது, அவசரமும் கூடாது. புரையேறினால் கூழ் நுரையீரலுக்குள் போய்விடும். பல நேரம் விரல் நுனியில் தடவி நீட்டினாலே நக்கிக்கொள்ளும், அதுவே மேல். மெல்லிய துண்டில் தளர்வாகச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டால் கதகதப்பில் அடங்கிக் கிடக்கும். மருத்துவர் தடுக்காதவரை கூட்டாளி எலியையும் பிரிக்காதீர்கள். எலிக்குத் தனிமை ஆகாது. ஆனால் ஊட்டும்போது நோயுற்ற எலி வாயை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினால் திணிக்காதீர்கள். அதற்குமேல் ஊட்டுவது நம் மனசுக்காகத்தான். சிறு பிராணிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் வலி மருந்து கேளுங்கள். மூச்சுக்கே திணறும் நிலை வந்தால், நோகாமல் உயிர் பிரியச் செய்யும் ஊசியைப் பற்றியும் தயங்காமல் கேளுங்கள்.