ஜாப் ஒர்க் கூலி நிலுவை: கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஜாப் ஒர்க் தையல் கூட உரிமையாளர்கள் சங்கம், திருப்பூர்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

பொருள்: ஜாப் ஒர்க் கூலி 45 நாளுக்குள் கிடைக்க வழிசெய்யக் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2024-25இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயைத் தாண்டியது. ஊரின் வளர்ச்சியில் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் ஓவர்லாக், பிளாட்லாக், காஜா பட்டன் என்று கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் எங்கள் கூடங்களில் சனிக்கிழமை சம்பளம் போட்டாக வேண்டும். கம்பெனிகளிடமிருந்து பில் தொகை வருவதோ மூன்று நான்கு மாதம் கழித்து. இடைப்பட்ட காலத்தை வட்டிக்கு வாங்கித்தான் ஓட்டுகிறோம். ஏற்றுமதிக்கான முதலீட்டை, சங்கிலியின் கடைசியில் இருப்பவனே கடன்பட்டுப் போடுகிறான் என்பதுதான் எங்கள் முறையீடு.

சட்டம் இல்லாமல் இல்லை. எழுத்து ஒப்பந்தமே இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது, மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் நிலுவைப் புகாருக்கான 'சமாதான்' தளத்தில் பெயர் கொடுத்துப் புகார் செய்தவருக்கு அடுத்த லாட் கட்டிங் பீஸ் வராது. இது ஊரறிந்த சங்கதி.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது ஏற்றுமதிப் பணம் வந்து சேர வேண்டிய கெடு 9 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டப்பட்டது. ஏற்றுமதியாளருக்கு அந்தச் சலுகை தேவைதான், மறுக்கவில்லை. அதன் சுமை எங்கள் பில்லின் மேல் இறங்காமல் தடுக்கத்தான் ஏற்பாடு இல்லை.

ஆகவே, புகார்தாரரை எதிர்பார்க்காத ஒரு வழியைக் கேட்கிறோம். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய நிலுவையைத் தணிக்கைக் கணக்கில் காட்ட வேண்டும் என்று அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு விதிக்கிறது. தங்கள் துறையில் மூலதன மானியம் கேட்டு வரும் கம்பெனிகள் அந்தக் கணக்கை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். 45 நாள் தாண்டிய கூலி பாக்கி இருந்தால், அதைத் தீர்க்கும்வரை மானியத்தை நிறுத்தி வைக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், அரசாணை போதும்.

அடுத்தது ஜிஎஸ்டி. பில் போட்ட அடுத்த மாதமே நாங்கள் வரி கட்டுகிறோம். கம்பெனியோ எங்களுக்குப் பணம் தராமலேயே 180 நாள் வரை உள்ளீட்டு வரி வரவை வைத்துக்கொள்ளலாம். ஒரு சட்டம் 45 என்கிறது, இன்னொன்று 180 நாள் பொறுக்கிறது. குறு, சிறு நிறுவனங்களின் பில்களுக்கு இதையும் 45 நாளாக்கும்படி ஜிஎஸ்டி கவுன்சிலில் தமிழ்நாடு அரசு வலியுறுத்த வேண்டும்.



மானிய நிபந்தனை குறித்துப் பேச, ஏற்றுமதியாளர்களையும் எங்களையும் ஒரே மேசையில் அமர்த்தி, மாவட்டத் தொழில் மையத்தில் கூட்டம் நடத்த ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்

நகல்: மாவட்ட ஆட்சியர், திருப்பூர், பொது மேலாளர், மாவட்டத் தொழில் மையம், திருப்பூர்.