ஞாயிற்றுக்கிழமை ஒப்பந்தம் செல்லாது

தென் பசிபிக் தீவு நாடான டோங்காவில் ஞாயிற்றுக்கிழமை எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஓய்வுநாள் புனிதமானது, சட்டம் அனுமதித்தவை தவிர வேறு தொழிலோ வியாபாரமோ அன்று கூடாது என்கிறது அந்நாட்டு அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவு. 1875 நவம்பர் 4 அன்று பிறந்த அந்தச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது. கிறிஸ்தவம் ஒரு நாட்டை உருவாக்கி, அதன் ஆட்சியிலும் அமர்ந்தால் குடிமக்களுக்குக் கிடைப்பது என்ன, பறிபோவது என்ன என்ற இரண்டையும் டோங்காவின் வரலாற்றில் காணலாம்.

1797இல் வந்திறங்கிய லண்டன் மிஷனரி சங்கத்தாரின் முயற்சி பலிக்கவில்லை. குலத்தலைவர்களிடையே மூண்ட போரில் மூவர் கொல்லப்பட, மற்றவர்கள் வெளியேறினார்கள். 1820களில் வந்த வெஸ்லியன் மிஷனரிகளே காலூன்றினார்கள். அவர்களுக்குத் துணை நின்றவர் ஹாபாய் தீவுகளின் தலைவர் தௌஃபாஹாவ். 1831இல் ஞானஸ்நானம் பெற்று, ஆங்கிலேய மன்னரின் பெயரான ஜார்ஜைத் தமக்கும் சூட்டிக்கொண்டார். 1833இல் வவாவு தீவுகள் அவர் வசமாயின. 1845இல் அரசப் பட்டமும் கிடைத்தது. எதிர்த்து நின்ற தலைவர்கள் 1852இல் பணிந்தார்கள். மதமாற்றமும் நாட்டு ஒருங்கிணைப்பும் இப்படிச் சேர்ந்தே நடந்தன. பழைய தெய்வங்களும் பூசாரிகளும் பழைய தலைவர்களின் அதிகாரத்துக்கு முட்டுக்கொடுத்து வந்ததால், அவற்றை அகற்றுவது அரசருக்கு அரசியல் தேவையாகவும் இருந்தது.

அடுத்து வந்தது எழுதப்பட்ட சட்டம். மிஷனரிகளின் ஆலோசனையுடன் 1839இல் வெளியான வவாவு சட்டத்தொகுப்பு, குடிகளின் பொருளைத் தலைவர்கள் நினைத்தபோது பறித்துக்கொள்ளும் வழக்கத்தைத் தடுத்தது. 1862ஆம் ஆண்டுச் சட்டம் சாமானியரைத் தலைவர்களுக்கான கட்டாய உழைப்பிலிருந்து விடுவித்தது. அதன் நினைவாக ஜூன் 4 இன்றும் விடுதலை நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1875ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தை அரசருடன் சேர்ந்து வகுத்தவர் ஷெர்லி பேக்கர் என்ற வெஸ்லியன் மிஷனரி. கடவுள் எல்லா மனிதரையும் ஒரே இரத்தத்தால் படைத்தார், ஆகவே மனிதர் சுதந்திரமாக வாழ்வதே அவர் சித்தம் என்ற வாதத்தோடு அதன் முதல் பிரிவு தொடங்குகிறது. அடிமைமுறையை அடுத்த பிரிவு ஒழிக்கிறது. நிலத்தை விற்பதற்கும் தடை உண்டு. ஐரோப்பியக் குடியேறிகளிடம் மண் பறிபோகாமல் காத்தது அந்தத் தடைதான். வெளிநாட்டு அங்கீகாரமும் கிடைத்தது: ஜெர்மனி 1876இலும் பிரிட்டன் 1879இலும் டோங்காவோடு உடன்படிக்கை செய்துகொண்டன. சிவப்புச் சிலுவை பொறித்த கொடியை ஒருபோதும் மாற்றக் கூடாது என்பதும் அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அதே சட்டத்தின் ஐந்தாம் பிரிவு மதச் சுதந்திரத்துக்கு உறுதி தருகிறது. பத்து ஆண்டுகளிலேயே அந்த உறுதி சோதனைக்கு உள்ளானது. டோங்கா மக்களின் காணிக்கை சிட்னியில் இருந்த மிஷன் தலைமைக்குப் போவது அரசருக்கும் பேக்கருக்கும் பிடிக்கவில்லை. 1880இல் பிரதமரான பேக்கர், 1885இல் அரசரின் ஆதரவோடு சுதந்திரத் திருச்சபையை நிறுவினார். ஜேம்ஸ் மோல்டன் என்ற மிஷனரியின் தலைமையில் பழைய சபையிலேயே தங்கியவர்கள் தாக்கப்பட்டார்கள்; பதவிகளை இழந்தார்கள்; பலர் பிஜிக்குப் போக நேர்ந்தது. வழிபாட்டிலும் இறைக்கோட்பாட்டிலும் இரு சபைகளுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. எந்தச் சபைக்குப் போவது என்பது அரசரிடம் விசுவாசம் உண்டா இல்லையா என்ற கேள்வியாக மாறியிருந்தது. 1887இல் பேக்கரைக் கொல்ல நடந்த முயற்சியில் அவருடைய மகனும் மகளும் காயமடைந்தார்கள். அதற்காக ஆறு பேருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. 1890இல் பிரிட்டிஷ் அதிகாரிகள் தலையிட்டுப் பேக்கரை நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள். பிளந்த சபைகளை இணைக்க 1924இல் அரசி சலோத்தே முயன்றபோதும் ஒரு பகுதியினர் தனியாகவே நின்றார்கள்.

அந்த இணைப்பில் உருவான, அரசகுடும்பம் சார்ந்த சுதந்திர வெஸ்லியன் திருச்சபையே இன்று டோங்காவின் பெரிய சபை. மன்னரின் தலையை டோங்கர் எவரும் தொடக் கூடாது என்பது மரபு. அதனால் 2015இல் ஆறாம் துபோவுக்கு முடிசூட்டியவர் ஆஸ்திரேலிய போதகர் டார்சி வுட். மிஷனரிகள் வருவதற்கு முந்தைய விலக்கும் தேவாலயச் சடங்கும் அந்த மேடையில் முரண்படாமல் சேர்ந்து நின்றன.

சிம்மாசனத்தைத் தாங்கிய மதத்துக்குள்ளிருந்தே அதைக் கேள்வி கேட்டவர்களும் வந்தார்கள். கத்தோலிக்க ஆயர் பட்டெலிசியோ ஃபினாவ் 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் ஜனநாயகச் சீர்திருத்தத்துக்காக வெளிப்படையாகக் குரல் கொடுத்தார். 2010இல் சீர்திருத்தம் வந்தது. நாடாளுமன்றத்தில் தேர்தலால் நிரப்பப்படும் 26 இடங்களில் 17 மக்கள் பிரதிநிதிகளுக்கும் 9 பிரபுக்களுக்கும் ஒதுக்கப்பட்டன. சட்டங்களுக்கு ஒப்புதல் மறுக்கும் உரிமை மன்னரிடமே நீடிக்கிறது. தலைவர்களின் பிடியிலிருந்து குடிமக்களை விடுவிக்கக் கிறிஸ்தவம் பயன்பட்டது; அரசரின் சபையை ஏற்காதவர்களைத் தண்டிக்கவும் அதுவே பயன்பட்டது. மதச் சுதந்திரம் எழுத்தில் இருந்ததால் மட்டும் அவர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடவில்லை. பிரதமரும் சபை நிறுவனரும் ஒருவரே ஆகிவிட்ட நாட்டில் அந்தப் பிரிவைக் காட்டி நியாயம் கேட்பதற்கு வேறோர் இடம் இருக்கவில்லை.