கல்லூரிக் கிணறும் சூழற் கல்வியும்

வள்ளுவப் பெருந்தகை திருக்குறளிற் கடவுள் வாழ்த்தினை அடுத்து வான் சிறப்பினை வைத்தார். அம்முறைவைப்பின் பொருத்தத்தை யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்வோர் அறிந்த அளவிற்கு வேறெவர் அறிதல் கூடும்? வற்றாத ஆறு ஒன்றேனும் இந்நிலத்தில் இல்லை. வழுக்கையாறும் மாரியில் ஓடிக் கோடையில் வறள்வதே. ஐப்பசி முதல் மார்கழி ஈறாகப் பெய்யும் மழை சுண்ணக்கல்லினூடே சுவறி நிலத்தின் கீழ்த் தங்குகின்றது. அதுவே எமக்குக் குடிநீரும் தோட்டநீரும் ஆகின்றது. எனினும், வான் சிறப்புக் குறள்கள் பத்தினையும் பிழையற ஒப்புவிக்கும் எம் மாணவருள், கல்லூரிக் கிணற்றில் இன்று எத்தனை அடி நீர் நிற்கின்றது என்பதைக் கூறவல்லார் எத்தனை பேர்?

சூழல் நிலைபேறு என்னும் தொடர் இன்று எல்லார் வாயிலும் வழங்குகின்றது. 1972 ஆம் ஆண்டில் ஸ்ரொக்ஹோம் நகரில் ஐக்கிய நாடுகள் சபை கூட்டிய மாநாடு மனிதச் சூழலை உலக நாடுகளின் பொதுக் கவலையாக்கிற்று. 1987 ஆம் ஆண்டில் வெளிவந்த புருண்ட்லாந்து ஆணைக்குழுவின் அறிக்கை, வருங்காலத்தவரின் தேவைக்கு ஊறு செய்யாது இக்காலத்தவர் தம் தேவையை நிறைவேற்றுவதே நிலைபேறான அபிவிருத்தி என வரையறை செய்தது. இவ்வரையறையை எம் மாணவர் மனனஞ் செய்கின்றனர். துருவப் பனி உருகுவதையும் அமேசன் காடு அழிவதையும் படித்து நல்ல புள்ளியும் பெறுகின்றனர். அவை அறியவேண்டியவையே. ஆயின், அவ்வறிவு கல்லூரி மதிலுக்கு உட்பட்ட நிலத்தில் வந்து பொருந்தாதவரை, அது பரீட்சை மண்டபத்தோடு நின்றுவிடும். ஆகவே, சூழற் கல்விக்கெனப் புதியதொரு பாடத்தை மாணவர் தலையிற் சுமத்துதல் வேண்டா என்றும், கல்லூரிக் கிணற்றையே அக்கல்விக்கு நடுநாயகமாக அமைத்தல் வேண்டும் என்றும் கூறுவேன்.

எங்ஙனம் எனிற் காட்டுவேன். குடாநாட்டின் நன்னீர் தனித்து நிற்பதன்று; கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின் மேல் மிதந்து நிற்பது. உவர்நீர் நன்னீரிலும் சிறிது அடர்த்தி மிக்கதாதலின், கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும் என்பது பௌதிகவியற் கணக்கு. இதன் மறுதலையே அஞ்சத்தக்கது. மிதமிஞ்சி இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்தின், கீழுள்ள உவர்நீர் 40 அடி மேலெழ இடமுண்டாகும். பாறையின் வெடிப்புகளும் குகைகளும் இக்கணக்கை இடத்துக்கிடம் வேறுபடுத்துமாயினும், அதன் போக்கு மாறாது. மிதத்தல் விதியைக் கரும்பலகையிற் கற்கும் மாணவன் இதனைக் கிணற்றடியில் நின்று உணர்வானாயின், அவ்விதியை மறப்பானோ?

இரசாயனவியல் மாணவர் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைக் கொண்டு கிணற்று நீரின் உவரை அளக்கலாம். புவியியல் மாணவர் மழைமானியைக் கண்காணித்து, மழைக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள தொடர்பை வரைபிற் காட்டலாம். தமிழ் மாணவர் துலா, பட்டை, துரவு, கேணி என்னும் சொற்களின் பொருளை முதியோரிடம் கேட்டெழுதலாம். அச்சொற்களோடு ஒரு நீர்முறையே மறைந்துகொண்டிருக்கின்றது.

துலா மிதித்த காலம் பொற்காலம் என்று கூறுவார் அத்தொழிலின் துயரை அறியாதார். 1950களிலும் 1960களிலும் பரவிய நீரிறைக்கும் இயந்திரம் கமக்காரனின் தோள்நோவைத் தீர்த்தது. அதனைப் பழித்தல் நன்றியின்மை. ஆயினும், மனிதன் களைத்தபோது இறைப்பும் நின்றது; இயந்திரம் களைப்பதில்லை. குழை தாழ்த்தியும் ஆட்டுப்பட்டி அடைத்தும் வளமூட்டிய செம்மண்ணில் யூரியா அளவின்றி வீசப்பட்டது. அதன் மிச்சம் நைத்திரேற்றாக மழையோடு இறங்கிக் கிணற்றை அடைகின்றது. வீட்டு மலக்குழிகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை கடக்கப்பட்டிருத்தலை ஆய்வாளர் கண்டுள்ளனர். இதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. புட்டிப்பால் பருகும் பச்சிளங் குழந்தைக்கோ இது பெருங்கேடு.

இவ்வளவீட்டினைக் கல்லூரி ஏன் மேற்கொள்ளல் வேண்டும், அதற்கு அரச திணைக்களங்கள் இல்லையோ எனச் சிலர் வினவலாம். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஆம் ஆண்டிலே தீர்ப்பாயிற்று. இத்தகைய வழக்குகள் யாவற்றிலும் முதற்கண் எழும் வினா ஒன்று: மாசடையுமுன் இக்கிணறு எவ்வாறிருந்தது? ஆண்டாண்டாக எழுதிவைத்த ஏடு இருப்பின் ஊரார் விடை கூறுவர், இல்லையேல் வாளாவிருப்பர். உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுச் செல்வர். ஆய்வுத் திட்டங்கள் பணம் முடிந்ததும் முடிவன. கல்லூரியோ தலைமுறைகள் கடந்து ஓரிடத்தில் நிற்பது. ஆறாம் வகுப்பு மாணவன் தொடங்கிய ஏட்டை அவன் மகன் தொடர்ந்தெழுதும் வாய்ப்பு இந்நிறுவனம் ஒன்றற்கே உண்டு.

நேரமில்லை என்பது மற்றொரு தடை. வாரத்திற்கு ஒருமுறை, அடி குறித்த நாடாவைக் கிணற்றில் இறக்கி, கண்ட எண்ணைத் தேதியோடு எழுதக் கால் மணி நேரம் போதும். அப்பணி எப்பரீட்சைக்கும் இடையூறாகாது. பொறுமை, நேர்மை, கண்டதைக் கண்டபடி எழுதும் ஒழுக்கம் ஆகியவற்றை இக்கால் மணி நேரம் பழக்கும். நிலைபேறு என்பதன் உட்பொருளும் அவ்வொழுக்கமே அன்றோ?

இறுதியாகப் பழைய மாணவப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். தாங்கள் கடல் கடந்தும் கல்லூரித் தாயை மறவாது அனுப்பும் பொருளாலேயே எம் கட்டடங்கள் ஓங்கி நிற்கின்றன. எனினும், விழா என்றவுடன் முற்றத்துக்குச் சீமெந்துக் கல் பதிக்கும் வழக்கம் எங்கும் பெருகி வருகின்றது. கல் பதித்த முற்றத்தில் மழை சுவறுவதில்லை. வாய்க்கால் வழியே ஓடிக் கடலையே சேரும். இவ்வாண்டு தாங்கள் வழங்கும் நன்கொடையில் ஒரு பங்கு கூரைநீரை நிலத்துள் இறக்கும் குழிகளுக்கும், ஒரு மழைமானிக்கும், ஆய்வுகூடத்துக்கு வேண்டிய இரசாயனப் பொருள்களுக்கும், தடித்த அட்டையிட்ட ஓர் ஏட்டிற்கும் செல்லுமாக. அவற்றின் மேல் நன்கொடையாளர் பெயர் பொறிக்க இடம் அதிகம் இராது. ஆயினும், இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து இக்கிணற்றில் நன்னீர் அள்ளிப் பருகும் மாணவன், அவ்வேட்டைப் புரட்டி, அந்நீர் எவ்வாறு காக்கப்பட்டது என்பதை அறிந்துகொள்வான்.